பழைய பில்லிங் மென்பொருளை மாற்ற வைத்த ஒரு சிமெண்ட் பில்

எங்கள் ஹார்டுவேர் கடையில் ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்திலிருந்தே ஒரே பில்லிங் மென்பொருள்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்தது. கறுப்புத் திரை, ஐட்டம் கோடு, எண்ணிக்கை, என்டர். கல்லாவில் இருக்கும் அண்ணன் திரையைப் பார்க்காமலே பில் போடுவார். வேகத்தில் இன்றும் அதற்கு ஈடு கிடையாது. பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்று வந்த விற்பனையாளர்களை டீ கொடுத்து அனுப்பியதில் எனக்கு வருத்தமே இல்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் எழுதியவரே வந்து சரிசெய்தார். 2018 ஜூலையில் பெயிண்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதும், எல்லா பெயிண்டுக்கும் புது கோடு போட்டுவிட்டார். ஒரே டப்பா இரண்டு கோடுகளில். ஸ்டாக் பார்க்க ஒரு நோட்டு தனியாக வந்து சேர்ந்தது.

அப்புறம் அவர் தொழிலை விட்டுவிட்டார். 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்ட் வரி 28-லிருந்து 18 ஆனபோது மாஸ்டரில், அதாவது ஒவ்வொரு பொருளின் வரி விகிதமும் இருக்கும் பட்டியலில், நாங்களே மாற்றினோம். புது பில் சரியாக வந்தது. ஒரு பில்டர் ஆகஸ்ட் பில்லின் நகல் கேட்டார். எடுத்தால் அதிலும் 18! பில்லோடு வரி விகிதத்தைச் சேமிக்காமல், ஒவ்வொரு முறையும் மாஸ்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறது. 28 வீதம் வரி கட்டி முடித்த பில் அது. அந்தச் சரக்கு திரும்பி வந்தால் பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் கிரெடிட் நோட்டையும் 28-இல்தான் போட வேண்டும். அதைக் குறித்து வைக்கவும் ஒரு நோட்டுப் புத்தகம்.

திரை அழகில்லை என்பதற்காக மாற்ற வேண்டாம். கம்ப்யூட்டர் பக்கத்தில் எத்தனை நோட்டு சேர்ந்திருக்கிறது, எத்தனை தடவை ஒரே எண்ணைத் திரும்ப எழுதுகிறோம் என்று பாருங்கள். கணினி பழுதானால் என்ன வழி என்றும் யோசியுங்கள். டாஸ் நிரல் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை.

டெமோ காட்ட வந்தவர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான்: இப்போது வரியை மாற்றி, பழைய பில்லை மறுபடி அச்சடித்துக் காட்டுங்கள். அதில் தேறியதையே வாங்கினோம். ஏப்ரல் 1-இல் தொடக்க ஸ்டாக்கையும் பாக்கியையும் மட்டும் ஏற்றினோம். பழைய கணினியில் செப்டம்பருக்கு முந்தைய பேக்கப் தனியாக இருக்கிறது. பழைய பில்லுக்கு அதுதான்.

அண்ணன் மட்டும் இன்னும் முனகுகிறார். திரும்பி வரும் சரக்குக்கு ரிட்டர்ன் போட மவுஸைத் தொட வேண்டியிருக்கிறதாம். ஷார்ட்கட் கீ கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.