ரெட்டிச்சாவடியா, முள்ளோடையா: பத்தாவது முடித்த பிள்ளைக்கு எந்தப் பக்கம் லாபம்?

பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு, ரெட்டிச்சாவடி மாதிரி கடலூரின் வடக்கு ஓரத்து ஊர்களில் ஒரு பேச்சு கிளம்பும். பிள்ளையை இங்கேயே அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ப்பதா, எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டிப் பாண்டிச்சேரிப் பக்கம் சேர்ப்பதா, கடன உடன வாங்கி 'நீட், ஜேஇஇ எல்லாம் சொல்லித் தர்றாங்களாம்' என்கிற தனியார் பள்ளியில் போடுவதா? வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை என்றால், யார் சத்தமாகச் சொல்கிறாரோ அவர் சொன்னதுதான் முடிவு. எது நல்ல பள்ளி என்பதை விட, எந்தப் பள்ளியில் படித்ததாகச் சான்றிதழ் சொல்கிறது என்பதுதான் பெரிய கல்லூரிக் கதவுகளைத் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கில்தான் இந்த மூன்றையும் ஒப்பிட வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேறு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வேறு. முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ விசாரிப்பார்: 'தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க... யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா?' அக்கா ஏற்கெனவே டிகிரி வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. இவ்வளவு விசாரித்துக் கொடுக்கும் அந்தத் தாள், கல்விக் கட்டணத்தில்தான் சலுகை தரும். ரேங்கில் ஒரு படிகூட ஏற்றாது. பலர் இதை இட ஒதுக்கீடு என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறார்கள். அமெரிக்காவில் பெற்றோர் கல்லூரி போகாதவர்கள் என்பதை அட்மிஷனிலேயே ஒரு விஷயமாகப் பார்க்கும் கல்லூரிகள் உண்டு. நம் கவுன்சலிங்கில் அப்படி இல்லை.

ரேங்கை மாற்றுவது 7.5 சதவீதம்தான். 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் முதலியவற்றுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகராட்சிப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. எத்தனையோ பெற்றோர் தடுக்கி விழும் இடம் இது. சீருடை, சத்துணவு, இலவசப் புத்தகம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்போது அதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைப்பதில் தப்பு சொல்ல முடியுமா?

பொறியியல் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணிதத்தில் 92, இயற்பியலில் 90, வேதியியலில் 88 எடுத்த பிள்ளைக்கு 92 + 45 + 44, அதாவது 181. பொதுப் பட்டியலில் இதை வைத்துக்கொண்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பக்கம் பார்ப்பது கஷ்டம். அதே பிள்ளைக்கு அரசுப் பள்ளிப் பட்டியலில் தனி ரேங்க் ஒன்றும் வரும். அங்கே போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும், அதற்குள்ளும் சாதிவாரி ஒதுக்கீடு உண்டு. கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களில் ஏதோ ஒரு பிரிவைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசின் செலவு. கூடவே மாதம் 1,000 ரூபாய்: பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டம், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு இதற்கு ஈடாக இன்னொரு ஏற்பாட்டைக் காட்டுவது சிரமம்.

இதை வைத்துப் பார்த்தால், பத்தாவதுக்கு மேல் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுவதுதான் மூன்றிலும் மோசமான முடிவு. கோச்சிங்கில் கட்-ஆஃப் பத்து கூடினாலும், கையில் இருந்த தனிப் பட்டியல் போய்விடும், கட்டணமும் நம் தலையில் விழும்.

அப்புறம் முள்ளோடைக் கணக்கு. மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி ஆல்பேட்டைப் பாலம், ரெட்டிச்சாவடி தாண்டினால் வேறு ஆட்சி, வேறு பாடத்திட்டம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. மருத்துவத்தில் அங்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. ஆனால் புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று வேண்டும், நம் ஊர்ப் பிள்ளைக்கு அது எட்டாது.

எட்டக்கூடியது ஒன்று இருக்கிறது. ஜேஇஇ மெயின் தேர்வு எழுதிச் சேரும் மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளான என்ஐடிகளில் பாதி இடம் சொந்த மாநிலத்தவருக்கு. அந்தச் 'சொந்த மாநிலம்' வீட்டு முகவரியைப் பார்ப்பதில்லை, பன்னிரண்டாவது எங்கே எழுதினாய் என்றுதான் பார்க்கும். கடலூரில் எழுதினால் திருச்சி என்ஐடியின் பாதிக்கு மொத்தத் தமிழ்நாட்டோடும் மோத வேண்டும். புதுச்சேரிப் பள்ளியில் எழுதினால் காரைக்கால் திருவேட்டக்குடி என்ஐடியின் பாதி இடங்களுக்குப் போட்டியாளர்கள் புதுச்சேரி, அந்தமான் நிகோபார் என்ற சின்ன யூனியன் பிரதேசங்களின் பிள்ளைகள்தான். பெயரில் திருச்சி பெரிசு. நுழைவது காரைக்கால்தான் சுலபம். பஸ்ஸில் சில கிலோமீட்டர் போவதால் கிடைக்கும் இந்த வித்தியாசத்தைப் பள்ளிகள்கூட அதிகம் சொல்வதில்லை.

விலை என்ன? தமிழகத்து 7.5 சதவீதம் போய்விடும். பாண்டிச்சேரி அரசுப் பள்ளி என்றாலும் அது தமிழக அரசுப் பள்ளி ஆகாது. என்ஐடியில் படிப்புக் கட்டணம் வருஷத்துக்கு 1,25,000. வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் அது முழுசாகத் தள்ளுபடி, 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு வருமானம் பார்க்காமல் முழுசும். விடுதியும் சாப்பாடும் தனி.

அதனால் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் இருக்கும் பிள்ளையை அசைக்காதீர்கள். இங்கேயே படித்தபடி ஜேஇஇ மெயினும் எழுதட்டும், அது தமிழிலேயே நடக்கிறது. ஐஐடிக்கான அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் வழிப் பிள்ளைக்கு அங்கே மூச்சு வாங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அதையும் தாண்டி ஐஐடி கிடைத்துவிட்டால், ஆறு முதல் பன்னிரண்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்குப் படிப்புச் செலவைத் தமிழக அரசே ஏற்பதாக 2022 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. இங்கேயும் அதே சான்றிதழ்தான் உதவுகிறது.

நடுவில் ஏதோ ஒரு வருஷம் தனியாரிலோ உதவி பெறும் பள்ளியிலோ படித்து, சங்கிலி ஏற்கெனவே அறுந்துவிட்ட பிள்ளையா? அந்த வீட்டுக்கு முள்ளோடைதான் என் தேர்வு. இழக்க 7.5 இல்லை, காரைக்கால் புதிதாகச் சேர்கிறது. கணிதத்தில் கெட்டியாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பிசி, எம்பிசி வீடு என்றால் நம் தாலுகா ஆபீஸ் கொடுக்கும் நிரந்தரச் சாதிச் சான்று ஜேஇஇ-க்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும், அது அந்த வருஷம் ஏப்ரல் 1-லோ அதற்குப் பிறகோ வாங்கியதாகவும் இருக்க வேண்டும்.