கிளிஃபர்ட் ஸ்டில் அருங்காட்சியகம், டென்வர்: முதல் அறையைப் பார்க்காமல் தாண்டிவிடாதீர்கள்

அரூப ஓவியத்தைப் பார்த்து "இதைக் குழந்தைகூடக் கிறுக்குமே" என்பவர்களுக்கு அமெரிக்காவில் ஓர் இடத்தைக் காட்டலாம் என்றால் அது இதுதான்.

அமெரிக்க அரூப ஓவியரான ஸ்டில் (1904–1980) விமர்சகர்களை அடியோடு நம்பாதவர். அடுத்தவர் சொல்லும் விளக்கம் பார்ப்பவரின் கண்ணைக் கெடுக்கிறது என்று நினைத்தார். 1951-இல் வணிகக் கேலரிகளோடு உறவை முறித்துக்கொண்டார். பத்தாண்டு கழித்து நியூயார்க்கையும் விட்டு மேரிலாந்து போய்விட்டார். படங்களுக்குத் தலைப்பு கிடையாது; ஆண்டு, எழுத்து, எண் அவ்வளவுதான். தன் படைப்புகளுக்கு மட்டுமேயான கட்டடம் தரும் அமெரிக்க நகரத்துக்கே அவை சேர வேண்டும், எதையும் விற்கக் கூடாது என்று உயில் எழுதினார். 2004-இல் டென்வர் தேர்வானது, 2011 நவம்பரில் திறப்பு. அவர் செய்ததில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், ஏறத்தாழ 3,100 படைப்புகள் இங்கே இருக்கின்றன.

காட்சி அறைகள் ஒன்பதும் மேல்தளத்தில். பலரும் பெரிய கான்வாஸ்களுக்கு நேராக ஓடி, ஒன்றும் புரியாமல் திரும்புகிறார்கள். தொடக்ககாலப் படங்களிலிருந்து போங்கள். 1930-களின் விவசாயக் கூலிகள், பெருத்த கைகள், நீண்டு மெலிந்த உடல்கள். அந்த நெட்டுக்குத்தான உடல்களே 1940-களில் கிழிந்த நெடுங்கீற்றுகளாக மாறுவதைக் கண்ணாலேயே பின்தொடரலாம். யாருடைய விளக்கமும் தேவைப்படாது. ஸ்டிலின் பிடிவாதம் இந்த இடத்தில் நூற்றுக்கு நூறு பலிக்கிறது.

1944-N எண் 1 மாட்டப்பட்டிருந்தால் அதற்கு நேரம் ஒதுக்குங்கள். கறுப்புப் பரப்பின் குறுக்கே சிவப்புக் கீற்று. நேரே நின்றால் அந்தக் கறுப்பு வெறும் கறுப்புதான். சுவரோரம் நகர்ந்து சாய்வாகப் பாருங்கள்: கத்தியால் இழுத்து அப்பிய சாயத்தின் மேடுபள்ளமும், மினுங்கும் இடமும் மங்கிய இடமும் தெரியவரும். துளையிட்ட கான்கிரீட் கூரை வழியாக இறங்கும் பகல் வெளிச்சம் இதற்குப் பெரிய துணை, ஆகவே பகலில் போவது நல்லது. பிற்காலப் படங்களில் சாயம் தொடாத கான்வாஸ் நிறையத் தெரியும். அதை அரைகுறை வேலை என்று எண்ண வேண்டாம், வேண்டுமென்றே விட்டது.

சங்கடங்களும் உண்டு. தலைப்பில்லாததால் பிடித்த படத்தைப் பிறகு தேடுவது கடினம். "பிஎச்" (PH) என்று தொடங்கும் பட்டியல் எண்ணைக் குறித்துக்கொண்டால் இணையத் தொகுப்பில் கிடைக்கும். உயிலின்படி உள்ளே உணவகம் இல்லை, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். திறப்புக்குச் சற்று முன் நான்கு ஓவியங்களை நகரம் ஏலத்தில் 11 கோடி டாலருக்கு மேல் விற்று நிதி சேர்த்தது. நிதித் தேவை புரிகிறது, ஆனாலும் உயிலின் நோக்கத்துக்கு அது ஒவ்வாத காரியம்.

பெரிய குறை ஒன்றுதான், அதுவும் ஸ்டிலே வரவழைத்தது. அதே காலத்து அரூப ஓவியர்களான ராத்கோவோ நியூமனோ பக்கத்தில் இல்லாததால், அந்த ஆண்டுகளில் யாருக்கு முன்னால் யார் எங்கே போனார் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. தப்பாகப் புரிந்துகொள்வார்களோ என்று எல்லாரையும் விலக்கியவர், தனக்குச் சாதகமான சாட்சிகளையும் சேர்த்தே விலக்கிவிட்டார்.