கேள்வி கேட்காத பூசைப் பொருள் கடை
சிங்கப்பூரில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சாமி மாடத்துக்கு ஒரு பித்தளை விளக்கும் ஐந்து சிறு விக்கிரகங்களும் வாங்க, சிராங்கூன் சாலையருகே சந்தொன்றில் உள்ள இக்கடைக்குச் சென்றேன். சிவன், திருமால், அம்பாள், சூரியன், பிள்ளையார் ஆகிய ஐவரையும் வழிபடும் பஞ்சாயதன பூசையில் நடுவில் அமர்வது அவரவர் இஷ்ட தெய்வமே. மற்ற நால்வரும் சுற்றி அமர்வர். எனக்கு அம்பாள் நடுவில் என்றதும், கடைக்காரர் காரணம் ஏதும் கேட்காமல், சற்றே பெரிய அம்பாள் விக்கிரகத்தை எடுத்து வைத்தார்.

முன்பு வேறொரு கடையில் (பெயர் வேண்டாம்) என் குலதெய்வம் எது, விரதம் இருப்பதுண்டா என்றெல்லாம் விசாரித்து, நான் கும்பிடும் முறையே தவறு என்றும் அறிவுரை கூறினார்கள். விளக்கு வாங்க வந்தவளுக்கு நேர்காணல் எதற்கு?

இங்கு எனக்கு முன்னால் ஒரு சீன மூதாட்டி ஊதுபத்தி வாங்கினார். வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலில் சீனர்கள் வணங்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அது வியப்பில்லை. அவரிடமும் எந்த விசாரணையும் இல்லை.

இடம் நெருக்கடியானது, கற்பூரம் சுமார்தான். விளக்கு மட்டும் நல்ல கனம், எண்ணெய் கசியவில்லை.