ஸ்நேக் மவுண்டன் வாங்கப் போய் 340 டாலர் போச்சு, ரெண்டு நிமிஷம் படிச்சிட்டுப் போங்க

கோவம் அடங்கறதுக்குள்ள எழுதிடறேன், அடங்கிட்டா எழுத மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். 340 டாலர். முழுசா 340 டாலர் கொடுத்து வாங்கின பொம்மைக் கோட்டை இப்போ டைனிங் டேபிள் மேல ரெண்டா பிரிச்சுக் கிடக்கு, அதோட வந்த பொம்மை மைக்குக்குள்ள என்ன இருக்கு தெரியுமா, கசக்கி அடைச்ச டிஷ்யூ பேப்பர். ஆமா டிஷ்யூ பேப்பர். ஆட்டிப் பாத்தா லொடலொடன்னு காலி டப்பா சத்தம் வரக்கூடாதுன்னு பக்காவா அடைச்சு வச்சிருக்கான்.

விஷயம் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். 1982ல மேட்டல்ங்கற அமெரிக்க பொம்மைக் கம்பெனி, ஹீ-மேன்ங்கற வாள் வீரனோட பொம்மைங்களுக்குன்னு கேஸில் கிரேஸ்கல்னு ஒரு கோட்டை விட்டாங்க, மண்டை ஓடு முகம், வாயே கதவு. அதுல எலெக்ட்ரானிக் சமாச்சாரம் ஒண்ணும் கிடையாது. கயித்துல இழுக்கற லிஃப்ட், சிம்மாசனத்தைத் திருப்பினா தரை திறந்து பொம்மை கீழ விழும், எல்லாம் கை வேலை. அதனால 40 வருஷம் கழிச்சு வாங்கினாலும் பயப்பட வேண்டியதில்ல, கெட்டுப் போறதுக்கு அதுல என்ன இருக்கு. ஆனா 1984ல வந்த ஸ்நேக் மவுண்டன் வேற கதை. அது வில்லன் ஸ்கெலிட்டரோட கோட்டை, மலை மாதிரி இருக்கும், மலையில ஒரு பூத முகம், அதோட ஓநாய்த் தலை வடிவத்துல ஒரு மைக். அந்த மைக்ல பேசினா நம்ம குரல் எதிரொலிச்சு பேய்க் குரலா ஸ்பீக்கர்ல வரும், பூதத்தோட வாயை ஆட்டிக்கிட்டே பேசலாம். அந்த செட்டோட உயிரே அந்த மைக்தான். மைக் இல்லன்னா அது வெறும் பிளாஸ்டிக் மலை. 1986ல எட்டேர்னியான்னு மோட்டார் மோனோரயில் ஓடற செட் ஒண்ணு வந்துச்சு, அதெல்லாம் நம்ம கைக்கு எட்டாத விலை, அதை விடுங்க.

சின்ன வயசுல என்கிட்ட இருந்தது ஒரே ஒரு ஸ்கெலிட்டர், அதுவும் ஒரு கை இல்லாதது. இங்க அமெரிக்கா வந்து செட்டில் ஆனதுக்கப்புறம் ஒண்ணொண்ணா தேடித் தேடி சேத்துக்கிட்டு இருக்கேன், வீட்டம்மாவுக்கு இது கிறுக்குத்தனமாத் தெரியும், சரி அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குன்னு இப்போ தோணுது. மைக் வேலை செய்யற ஸ்நேக் மவுண்டன் மட்டும் ரெண்டு வருஷமா மாட்டவே இல்ல. கிடைக்கறதெல்லாம் மைக் இல்லாம இருக்கும், இல்ல மைக் இருந்தும் செத்துப் போயிருக்கும்.

போன மாசம் பழைய பொருள் வாங்கி விக்கற ஒரு ஆன்லைன் சைட்ல (பேர் சொல்லல, எல்லாருக்கும் தெரிஞ்ச சைட்தான்) ஒரு விளம்பரம். முழு செட், மைக் நல்லா வேலை செய்யுது, 380 டாலர். போட்டோல வலை இருக்கு, ஏணி இருக்கு, கைவிலங்கு இருக்கு. நான் இங்கிலீஷ்ல மெசேஜ் போட்டேன், என் பேரைப் பாத்துட்டு அந்தப் பக்கத்துல இருந்து "அண்ணே நீங்க தமிழா?"ன்னு வந்துச்சு பாருங்க, அங்கயே நான் முடிஞ்சேன். அதுக்கப்புறம் விலை பேசினதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி. அவன் பையனுக்கு வாங்கினதாம், பையன் காலேஜ் போயிட்டானாம், யாரோ முகம் தெரியாதவங்களுக்குக் கொடுக்கறதுக்கு உங்களை மாதிரி ஆசையா வச்சுக்கறவங்களுக்குக் கொடுத்தா மனசுக்கு நிம்மதியா இருக்கும் அண்ணேன்னான்.

மைக் வேலை செய்யறதை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க தம்பின்னு கேட்டேன், கேட்டேனா இல்லையா, அந்த அளவுக்கு உஷாராத்தான் இருந்தேன். பத்து நிமிஷத்துல வீடியோ வந்துச்சு. ஓநாய் மைக்கைக் கையில புடிச்சுக்கிட்டு, பேய்க் குரல்ல, என் பேரைச் சொல்லி, "வாங்க அண்ணே, உங்க மலை உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு"ன்னு பேசி, மைக்கைக் கீழ வச்சுட்டு சிரிக்கிறான். பக்கத்துல உக்காந்திருந்த என் பொண்ணு, ஏழு வயசு, "அப்பா, மலை உன்னைக் கூப்பிடுது"ன்னு குதிச்சா. அன்னிக்கு ராத்திரிக்குள்ள ஒரு இருபது தடவையாவது அந்த வீடியோவ ஓட்டியிருப்போம். பழைய வீடியோவை எவனும் என் பேரைச் சொல்லி எடுக்க முடியாதுல்ல, அதனால இது உண்மையாத்தான் இருக்கணும்னு நான் போட்ட கணக்கு.

அப்புறம் வந்தான் விஷயத்துக்கு. "சைட் வழியா போனா கமிஷன் புடுங்கிடுவாங்க அண்ணே, நேரா அனுப்பிடுங்க, உங்களுக்காக 340." பணம் அனுப்பற ஆப்ல ரெண்டு வழி இருக்கும், பொருள் வாங்கறதுக்குன்னு ஒண்ணு, நண்பர்கள் குடும்பத்துக்குன்னு ஒண்ணு. முதல் வழியில போனா வாங்கறவனுக்கு ஏதோ பாதுகாப்பு உண்டு, ரெண்டாவதுல ஒண்ணும் கிடையாது. இது எனக்குத் தெரியாம இல்ல, நானே நாலு பேருக்கு சொல்லியிருக்கேன்! தெரிஞ்சே நண்பர் பட்டனை அமுக்கினேன். நாப்பது டாலர் மிச்சம் பிடிக்கறதுக்காக 340 டாலரைத் தூக்கிக் கொடுத்தேன். செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு.

ஒன்பது நாள் கழிச்சு பெரிய பெட்டி வந்துச்சு. பிரிச்சேன். மலை இருக்கு, பாக்க ஒண்ணும் மோசமில்ல. வலையைப் பாத்தா புதுசா பளிச்சுனு இருக்கு, என்னடான்னு பாத்தா ஆரஞ்சுப் பழம் போட்டு விக்கற வலைப் பையை வெட்டிக் கட்டியிருக்கான். கைவிலங்கு இல்ல. பூதத்தோட வாய் அசையவே இல்ல, விரலால தடவிப் பாத்தா ஃபெவிக்விக் மாதிரி ஏதோ பசை காஞ்சு கிடக்கு. சரி இதெல்லாம் போகட்டும், மைக்தானே முக்கியம்னு புது பேட்டரி போட்டு பேசினேன். சத்தமே இல்ல. பொண்ணு வாங்கிப் பேசினா, திரும்பத் திரும்ப ஹலோ ஹலோங்கறா, மலை பதில் சொல்லல.

நான் ஒண்ணும் உடனே ஆத்திரப்படல, கேட்டுக்கோங்க. பழைய பொம்மைல பேட்டரி கசிஞ்சிருக்கறது சகஜம். அல்கலைன் பேட்டரி கசிஞ்சா பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளிய வந்து காண்டாக்ட் மேல வெள்ளையா பூத்துப் போய்டும், கரண்ட் போகாது. வினிகர்ல நனைச்ச பட்ஸ் வச்சுத் துடைச்சா அது கரைஞ்சிடும், அப்புறம் நல்லா காய வச்சா நிறைய கேஸ் அப்படியே உயிர் வந்துடும். வயர் அரிச்சிருந்தா அந்தத் துண்டை வெட்டிட்டு புதுசு சால்டர் பண்ணிக்கலாம். இப்படி மூணு நாலு பொம்மையை நானே எழுப்பியிருக்கேன். அதனால ஸ்க்ரூ டிரைவர் எடுத்து மைக்கைக் கழட்டினேன், அப்பதான் அந்த டிஷ்யூ பேப்பர். உள்ள இருக்க வேண்டிய சர்க்யூட் போர்டு கிடையாது. வயர் ரெண்டும் கத்தரிக்கோலால வெட்டின மாதிரி நேரா வெட்டியிருக்கு. போர்டை எவனுக்கோ தனியா வித்திருக்கான். துடைச்சு சரி பண்றதுக்கு ஏதாச்சும் மிச்சம் வச்சிருந்தாத்தானே!

மைக் செத்துப் போச்சு அண்ணே, வெறும் மலைதான் இருக்குன்னு உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் ஒரு விலை பேசி வாங்கியிருப்பேன். எனக்கு வயித்தெரிச்சலே அதுதான்.

அப்புறம் அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பாத்தேன். கவனிங்க, பேசி முடிச்சு மைக்கைக் கீழ வச்சுட்டுத்தான் சிரிக்கிறான், ஆனா அந்தச் சிரிப்பும் பேய்க் குரல்லதான் வருது. மைக் தரையில கிடக்கும்போது சிரிப்பு எப்படிப்பா எதிரொலிக்கும்? போன்ல குரல் மாத்தற ஆப் போட்டு எடுத்திருக்கான். இருபது தடவை பாத்தேன், ஒரு தடவை கூட தோணல. பொண்ணு குதிச்ச குதியில எனக்கும் காது அடைச்சுப் போச்சு போல.

மெசேஜ் போட்டேன். முதல் பதில் அரை மணி நேரத்துல வந்துச்சு, "பேட்டரி மாத்திப் பாத்தீங்களா அண்ணே?" மாத்தினேன்னு சொன்னேன். "அப்போ கூரியர்ல குலுங்கியிருக்கும் அண்ணே." குலுங்கினா போர்டு டிஷ்யூ பேப்பரா மாறுமாடான்னு போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு நாள் பதில் இல்ல. அடுத்த நாள், "40 வருஷத்துப் பொருள் அண்ணே, நீங்கதான் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்." என்னத்தப் புரிஞ்சுக்கறது. பாதிப் பணமாவது திருப்பி அனுப்புன்னேன், "ஊர்ல இல்ல, வந்து பேசறேன்"னான். போன்ல கூப்பிட்டேன், ரெண்டு ரிங்ல கட். மறுநாள் என்னை பிளாக் பண்ணிட்டான். இத்தனைக்கும் கடைசி மெசேஜ் வரைக்கும் அண்ணேன்னுதான் கூப்பிட்டான், அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால தாங்கிக்க முடியல.

சைட்காரங்ககிட்ட போனேன். முதல்ல மெஷின் பேசுச்சு, அது கேட்ட அதே மூணு கேள்வியை ஆறு தடவை கேட்டுச்சு, அப்புறம் ஒரு மனுஷன் வந்து பணம் எங்க சைட் வழியா போகல, அதனால எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, வேற ஏதாவது உதவி வேணுமான்னான். 340 டாலர் வேணும், அதைத் தவிர வேற என்ன உதவி வேணும் எனக்கு. பணம் அனுப்பின ஆப்ல கேட்டா, நீங்க நண்பருக்குன்னு அனுப்பியிருக்கீங்க, இதுல வாங்கறவர் பாதுகாப்பு கிடையாது, நண்பர்கிட்டயே பேசிப் பாருங்கன்னாங்க. நண்பராம்! பேங்க்ல, நீங்களே அமுக்கி அனுப்பின பணம், வேற யாரும் திருடல, அதனால எங்க கணக்குல இது மோசடிப் பட்டியல்ல வராதுன்னு ரொம்ப மரியாதையா சொன்னாங்க. மூணு இடத்துலயும் "உங்க சிரமம் புரியுது"ன்னு ஆரம்பிச்சாங்க, அந்த வாக்கியத்தை யாரு எழுதிக் கொடுத்தாங்களோ.

ஃபெடரல் டிரேட் கமிஷன்னு, வியாபார மோசடிப் புகார் வாங்கற அமெரிக்க அரசு அமைப்பு, அதோட தளத்துல புகார் போட்டிருக்கேன். அவங்க ஒவ்வொருத்தன் பணத்தையும் வாங்கிக் கொடுக்க மாட்டாங்க, புகார் பதிவாகும், நிறைய சேந்தா விசாரணைக்கு உதவும், அவ்வளவுதான். பெட்டி அரசாங்கத் தபால்ல வந்ததால தபால் மோசடின்னு தபால் துறையோட விசாரணைப் பிரிவான போஸ்டல் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸுக்கும் எழுதியிருக்கேன். 340 டாலருக்கு அவங்க கிளம்பி வருவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல, ஆனா எழுதாம இருக்க முடியல.

எலெக்ட்ரானிக் பொம்மை வாங்கறவங்களுக்கு பத்து பாயிண்ட் எழுதணும்னு நினைச்சுத்தான் உக்காந்தேன், இப்போ கை நடுங்குது, தோணறதை மட்டும் சொல்றேன். வீடியோவா அனுப்பாதீங்க, நேர்ல வீடியோ கால் பண்ணுங்கன்னு கேளுங்க, கால்லயே பேட்டரியைக் கழட்டச் சொல்லுங்க, கழட்டினதும் சத்தம் நிக்கணும், திரும்பப் போட்டா வரணும். பேட்டரி பெட்டிக்குள்ள குளோசப் போட்டோ கேளுங்க. மூடியைத் திறந்து போர்டைக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா விட்டுடுங்க. "டெஸ்ட் பண்ணல"ன்னு போட்டிருந்தா டெஸ்ட் பண்ணி வேலை செய்யலன்னு அர்த்தம், எனக்குத் தெரிஞ்சு அப்படித்தான். பணத்தை சைட்டுக்கு வெளிய அனுப்பாதீங்க, நண்பர் பட்டனை அமுக்காதீங்க, எவன் அண்ணேன்னு கூப்பிட்டாலும் சரி, அக்கான்னு கூப்பிட்டாலும் சரி. இன்னும் ஏதோ ரெண்டு சொல்லணும்னு இருந்தேன், மறந்துடுச்சு.

இதை எழுதி முடிச்சு போடப் போற நேரத்துல என் ஃப்ரெண்ட் ஒருத்தர் லிங்க் அனுப்பறார். அந்த விளம்பரம் இன்னிக்குக் காலைல மறுபடி வந்திருக்கு, வேற பேர்ல, அதே போட்டோ, அதே வலை, அதே கைவிலங்கு. எனக்கு வந்த மலை இங்க என் டேபிள் மேல பிரிஞ்சு கிடக்கு. விலை 360, மைக் நல்லா வேலை செய்யுதாம்.