ஒரே பகலில், தனியாக ஊட்டி: மலை ரயிலா, பஸ்ஸா?

தனியாக ஊட்டிக்குப் போய் அன்றைக்கே திரும்பப் போகிறேன் என்றதும் கேட்ட எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "மலை ரயில்ல போ." நேர அட்டவணையை எடுத்துப் பார்த்துவிட்டு நான் பஸ் ஏறினேன். ரயிலை ரசிக்கப் போகிறவர் தாராளமாக ரயிலில் போகட்டும். ஊட்டி என்ற பழைய ஊரைக் காலால் அளக்க நினைப்பவருக்கு பஸ்தான் என்பது என் கட்சி.

செலவு பெரிய விஷயமில்லை. ஒரு ஆளுக்கு இரண்டுமே கட்டுப்படியாகும். காட்சியில் ரயில்தான் ஜெயிக்கும், அதில் சண்டையே கிடையாது. மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டருக்குள் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைப்பாதைகள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் ஓடும் பல்வரிசையை எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொண்டு, 12 அடிக்கு 1 அடி என்கிற ஏற்றத்தில் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை இது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கணக்கு உதைப்பது நேரத்தில்தான். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டி ஊட்டியைத் தொடும்போது மதியம் 12 ஆகிவிடும். மேட்டுப்பாளையம் திரும்பும் வண்டி பிற்பகல் 2 மணிக்கு. போக வர இரண்டுக்கும் ரயில் என்றால், எட்டரை மணி நேரம் பெட்டிக்குள், இரண்டு மணி நேரம் ஊருக்குள். அந்த இரண்டில் சாப்பாட்டுக்கு அரை மணி, திரும்பி ஸ்டேஷனில் நிற்க கால் மணி. மிச்சத்தில் ஏரிக்கரைக்கு ஒரு நடை போய் வரலாம், அவ்வளவுதான். அதே ஏழு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒன்பதரைக்குள் ஊட்டி. சாயங்காலம் வரைக்கும் பகல் முழுக்க நம் கையில்.

சீசனில் இந்தக் கணக்கு ஆட்டம் காணும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப்பாதை போடுவார்கள். அப்படியும் மலைப்பாதை திணறும். அந்த மாதங்களில் ஒரு பகல் பயணமே வேண்டாம் என்பேன். சொந்த வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்; அரசு பஸ்ஸில் போகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு ஆளுக்காகக் கார் எடுப்பது எப்படியும் வீண்.

சரி, கிடைத்த நேரத்தில் என்ன பார்ப்பது? பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் வெட்டிய ஏரி ஒரு காலத்தில் இப்போதைவிட ரொம்பப் பெரியது. பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் அந்தப் பழைய ஏரிப் பரப்பில்தான் இருக்கின்றன. அங்கிருந்து மார்க்கெட்டுக்குள் நுழைந்து, டீக்குத் தொட்டுத் தின்னும் மொறுமொறு வர்க்கி வாங்கிக்கொண்டு (2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கடையும் "ஒரிஜினல்" ஆகிவிட்டது) சேரிங் கிராஸ் வரைக்கும் நடக்கலாம். 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம் அந்தப் பக்கம்தான். மெட்ராஸில் பல கட்டடங்களை வடிவமைத்த சிசோமின் கைவேலை.

அப்புறம் மேடேறி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1829-ல் அடிக்கல் நாட்டியது. மெயின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையை இடித்து மலையேற்றிக் கொண்டுவந்த மரம். தோற்ற ராஜாவின் கூரைமரம் ஜெயித்தவர்களின் கோயிலைத் தாங்குகிறது. அண்ணாந்து பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றாலும், அவசரப்படுத்த நம்மோடு யாரும் இல்லை. பின்னால் சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் சலிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். சலிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்றைக்கு அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. கல்லறையைப் பார்த்த கையோடு வீட்டையும் பார்த்துவிடுங்கள். 1848-ல் உருவான தாவரவியல் பூங்காவைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். கூட்டம் அங்கேதான்.

ரயில் ஆசை விடாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. நான் செய்ததும் அதுதான். ஊரைச் சுற்றி முடித்துவிட்டு ஊட்டியிலிருந்து குன்னூர் வரைக்கும் மட்டும் பிற்பகல் வண்டியில் இறங்குங்கள். லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன், குன்னூர். கேத்திப் பள்ளத்தாக்கு ஜன்னலோரம் விரிந்துகொண்டே வரும். குன்னூரில் கீழே போகும் பஸ் கிடைக்கும். ஆனால் இந்தத் துண்டில் இழுப்பது டீசல் எஞ்சின். நீராவி வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியில்தான். புகையும் விசிலும்தான் ஆசை என்றால் என் யோசனை உங்களுக்கு ஒத்துவராது.

கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டுகிறவர்களுக்கும் பஸ் தண்டனைதான். எனக்கு அந்தத் தொந்தரவு கிடையாது, அதனால் அதன் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்கிறேனோ என்னவோ. ரயிலில் பெட்டிக்குள் நடமாட வழியில்லை. தனியாளாகப் போனால் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே அவர்கள் முறுக்கைத் தின்றுகொண்டு உட்கார வேண்டும். சிலருக்கு அதுவே சந்தோஷம்.

எதில் போனாலும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. வடகிழக்குப் பருவமழையில் நான் போனதில்லை. ஆனால் அந்த மாதங்களில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்தால் ரயில் நாள்கணக்கில் நின்றுவிடுவது வழக்கம். சாலையும் சரியும்தான், குன்னூர் வழி அடைத்தால் கோத்தகிரி வழி இருக்கிறது, ரயிலுக்கோ ஒரே பாதை.