கற்பூரத்தின் ஆவியழுத்தம்: டிஜிஏவா, டிஎஸ்சியா?

கும்பகோணத்துக் கோடையில் திறந்து வைத்த கற்பூரக் கட்டி நாளுக்கு நாள் சிறுத்துவிடும். எவ்வளவு வேகமாக என்பதை அதன் ஆவியழுத்தம், அதாவது அதிலிருந்து எழும் ஆவி தரும் அழுத்தம், சொல்லும். அதை அளக்க இரண்டு கருவிகள் உண்டு.

டிஜிஏ என்பது சூடேற்றியபடியே எடை பார்க்கும் நுண்தராசு. வெப்பநிலையை ஒரே இடத்தில் நிறுத்தி, நிமிடத்துக்கு எவ்வளவு எடை குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஆவியழுத்தம் தெரிந்த பென்சாயிக் அமிலத்தை முதலில் வைத்து அளந்து, கருவியின் மாறிலியைப் பிடித்துக்கொண்டால், எடை குறையும் வேகத்தை ஆவியழுத்தத்தோடு இணைக்கும் லாங்மியூர் சமன்பாடு மீதியைத் தரும். ஆவியை அடித்துச்செல்ல உள்ளே ஓடும் நைட்ரஜனின் வேகம் மாறினால் கணக்கு முழுதும் கெடும். இங்கேதான் கவனம் வேண்டும்.

டிஎஸ்சி என்பது சூடேற்றும்போது பொருள் எவ்வளவு வெப்பம் வாங்குகிறது என்று பார்க்கும் கருவி. அது கொதிநிலையைப் பிடிக்கும். பொருளை வைக்கும் சிறு கிண்ணத்தின் மூடியில் ஊசித்துளை, கொதிக்கும் கணத்தில் ஆவியழுத்தமும் வெளியழுத்தமும் சமம். நேரடியான வழி. ஆனால் கற்பூரம் உருகவே சுமார் 180 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குக் கீழே கொதிப்பே கிடையாது, திண்மம் நேராக ஆவியாகும் பதங்கமாதல் மட்டும்தான். பூஜையறைக் கற்பூரத்துக்கு டிஜிஏதான் என் தேர்வு.