குளத்துக்கு வேலியா, சீசனுக்கு மட்டும் தடையா?

எங்க ஊர் குளத்தை சீரமைக்கப் போறாவளாம், ஆனா சுத்தி கம்பிவேலி, ஒத்தை கேட்டுதான்னு பேச்சு. வேலி போட்டா குப்பை லாரி வராது, ராத்திரி பாட்டில் உடைக்கவனும் வரமாட்டான், அது நல்லதுதான். ஆனா ஆடு தண்ணிக்கு எங்க போவும், கோடையில வண்டல் அள்ள டிராக்டர் எந்த வழியா இறங்கும் அண்ணாச்சி?

இன்னொண்ணு, பறவை கூடு கட்டுத மாசம் மட்டும் கரையை அடைக்கது. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தைப் பாருங்க, 1994லயே சரணாலயம், ராம்சார்னு சொல்லுத உலக முக்கியத்துவ ஈரநிலப் பட்டியல்லயும் இருக்கு, ஆனாலும் நாரை ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துலயே கூடு கட்டும், சனம் தீபாவளிக்கு வெடி கூட போடாது, எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு உரமாப் போவுது. என்ன, காவலுக்கு ஆள் வேணும், செலவு அதுலதான். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, மடைச் சாவி மட்டும் விவசாயி கையை விட்டுப் போவக்கூடாது.